இரண்டு கிலோ முந்நூறு

யோகவாணியின் கேக் தராசு
ஐந்து கிலோ வரை தாங்கும்.
பட்டறையிலிருந்து சுருட்டி வந்த சீனப் பத்திரிகையை
அதன்மேல் விரித்து வைத்தேன்:
இரண்டு கிலோ முந்நூறு.

வார்ப்பிரும்புக் கட்டி. மொட்டை.
பல் கிடையாது, துளை கிடையாது,
எண்ணெய் போய்வர வழி கிடையாது.
முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியில்
ரப்பர் துண்டைப் பிடித்துக்கொண்டு
இருபத்தாறு வருஷம் சும்மா தொங்கியது.
என் சத்ரியாவில் ஓசிச் சவாரி.

பின் சீட் போன வருஷமே போயிற்று.
ஸ்பேர் டயர், கதவுக்குள் ஒட்டியிருந்த தார் அட்டை,
கூரைத் துணி.
ஏர்கோனைக் கழற்றிய நாளோடு
யோகவாணியும் இந்தக் காரில் ஏறுவதை நிறுத்தினாள்.
அதில் ஓர் ஐம்பத்தெட்டு கிலோ மிச்சம்.

"தொப்பைய கழட்டுங்க" என்றாள்
இரும்பைப் பார்த்துவிட்டு.
"ஏழு கிலோ சுளையா குறையும்.
தராச கழுவி வைங்க."

ஞாயிறு, காலை ஆறு மணி.
செகாம்புட்டிலிருந்து உலு யாம் மலை ரோட்டுக்கு.
இரண்டாயிரத்து இருநூறு சுற்று வரைக்கும் ஒன்றுமில்லை.
இரண்டாயிரத்து நானூறில்
கார் முனக ஆரம்பித்தது.
கண்ணாடியில் பின்னால் வந்த லாரி
இரண்டு லாரி ஆனது.
ஸ்டீயரிங் வழியாக முழங்கைக்கு ஏறி
கடைவாய்ப்பல்லில் போய் உட்கார்ந்தது.
எழுநூறைத் தாண்டினால் பழையபடி அமைதி.
நடுவில் அந்த ஒரு துண்டுதான்,
அந்த ஒரே சுருதிதான்.

கழற்றும்போதே ஆ ஹோ சொன்னான்,
வாயில் சிகரெட், கையில் பதினாலாம் நம்பர் ஸ்பேனர்:
"கம்பெனிக்காரன் இரும்ப ஓசில குடுக்க மாட்டான் லா."
காசு வாங்கிக்கொண்டுதான் சொன்னான்.

அணை தெரியும் வளைவில்
கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில்
என்னவோ டிக்கென்று விழுந்தது.
நட்டு என்று நினைத்தேன்.
ஓரமாக நிறுத்திக் குனிந்தால்
சிவப்புக்கல் தோடு.
ஒற்றை.
திருகாணி இல்லை. கல்லைச் சுற்றி
காற்றுக் குழாயின் கறுப்புப் பஞ்சு.

ஐந்து வருஷம் முன்னால்,
பையனுக்குப் பிறந்தநாள்.
தலைவலி என்று யோகவாணி கழற்றி
டேஷ்போர்டில் வைத்த ஜோடி.
ஐஸ் வாங்க இந்தக் காரை எடுத்துக்கொண்டு
செலாயாங் போய்வந்தது தேவமலர் அக்கா.

"நான் யாரையும் சொல்லலை"
என்றாள் யோகவாணி, எல்லோர் முன்னாலும்.
நானும் சொல்லவில்லை.
அக்கா எடுத்திருக்காது என்று
நான் சொல்லவில்லை.
பேப்பர் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
அந்தத் தீபாவளிக்கு
ரவாங்கிலிருந்து முறுக்கு டின் வரவில்லை.
அதற்கடுத்த தீபாவளிக்கும்.

கார்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன்.
கையில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று
இரண்டு குரங்குகள் பக்கத்தில் வந்து,
தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்து
தடுப்புச் சுவரில் ஏறி உட்கார்ந்தன.
கேக் தராசில் வைத்தால் இதற்கு முள் அசையாது.

நம்பர் இன்னும் இருந்தது.
"அக்கா ரவாங்" என்று,
மெக்கானிக் ஒருத்தனுக்கும் பாங்க்காரனுக்கும் நடுவில்.
மணி போனது.
எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் பட்டது.
ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை
கால் தானாக மிதித்திருக்கிறது,
கவனிக்கவில்லை.

"ஹலோ" என்றது அக்கா.
தூக்கக் குரல்.
என் பெயரைச் சொல்லாமல்
கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு,
"என்னா சத்தம் அது?
எங்கே இருக்க,
பேக்டரியிலயா?"

முள் இரண்டாயிரத்து நானூறில் நின்றது.
நான் காலை எடுக்கவில்லை.